செவ்வாய்க்கிழமை மாத்திரை

"நீங்க ரெண்டு பேரும் எந்தக் காலத்துலயும் மறக்காத ஒரு கிழமையச் சொல்லுங்க" என்றார் டொக்டர்.

"வெள்ளிக்கிழமை" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"ஐயய்யோ, வெள்ளிக்கிழமையா!" என்று என் மனைவி ஈஸ்வரி வாயில் கை வைத்தாள்.

பதுளையில் பெரிய ஆஸ்பத்திரியின் சிறுபிள்ளை வார்ட். காலை நேரம். கட்டிலில் எங்கள் ஒரே மகள் கவிஷா. அப்போது அவளுக்கு ஏழு வயது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஈரச் சேலைத்துணி சுற்றியிருந்தது. முகம் மட்டும் வெளியே. அந்த முகமும் வாசலின் பூசிப் பூசி, எண்ணெய்க்காப்புச் செய்த சிலைபோல் பளபளத்தது.

அன்று விடிந்தபோதுதான் காய்ச்சல் இறங்கியிருந்தது. இறங்கியதும் பிள்ளை சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, மீன் பணிஸ்." எத்தனையோ நாளாகத் தண்ணீரைத் தவிர வாய்க்கு எதையும் கேட்காத பிள்ளை! நான் ஒரு பக்கமும் ஈஸ்வரி ஒரு பக்கமுமாக, மீன் அடைத்த அந்தப் பன்னுக்குக் கடை தேடி ஓடினோம். ஆளுக்கு நான்கு பணிஸ் வாங்கிக்கொண்டு வார்ட் வாசலில் முட்டிக்கொண்டோம். பிள்ளை தின்றது அரைப் பணிஸ். மிச்சத்தைப் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் பிரசாதம்போலக் கொடுத்தோம். அப்படித் தலைகால் புரியாத ஒரு காலை அது.

அந்த நேரத்தில்தான் டொக்டர் மஞ்சள் மாத்திரையோடு வந்தார். பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. வயது முப்பதுதான் இருக்கும். எங்கள் தமிழே பேசுவார்.

"அண்ணன், நல்லாக் கேட்டுக்கங்க. இது வாரத்துல ஒரு நாளைக்கு மட்டுந்தான். தெனம் குடுத்தா மருந்தே விஷமாப் போயிரும். பிள்ளையோட உயிருக்கே ஆபத்து. அதனாலதான் கிழமைய உங்களையே சொல்லச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை நான் விரதம் டொக்டர்" என்றாள் ஈஸ்வரி. "அன்னைக்கு வீட்டுல எல்லாம் தலகீழா இருக்கும்."

"அப்ப சனிக்கிழமை" என்றேன்.

"சனிக்கிழமையில மருந்தத் தொடங்குவாங்களா? நோவு இழுத்துக்கிட்டே போகும்."

"ஞாயித்துக்கிழமை?"

"கறி எடுக்கிற நாளு. ஒங்க தம்பி வருவாரு, பேச்சுல ஒங்களுக்குப் பிள்ள இருக்கிறதே மறந்துரும்."

"திங்கக்கிழமை?"

"பெரட்டுக்கு ஓடுற அவசரத்துல நான் கொண்டையே ஒழுங்காப் போட மாட்டேன்!"

விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தைத்தான் நாங்கள் பெரட்டு என்போம். டொக்டருக்கு அது தெரிந்திருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எட்டாவதா ஒரு கிழமை செஞ்சு தரட்டா அக்கா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில் தாய் பணிஸ் புரையேறச் சிரித்தாள்.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லுமுன், நாங்கள் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். "உங்கள் தொடரில் கோயில் விஷயம் அதிகம்" என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். மன்னிக்க வேண்டும். இந்த வாரமும் கோயில் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அது இருக்கிறது.

ஆத்தா வந்த வீடு

மடுல்சீமைப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. ஈஸ்வரிக்குக் கொழுந்து பறிப்பு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பன்னிரண்டு காம்பரா, எங்களுடையது கடைசி.

கவிஷாவுக்குத் தலையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதிலாக இரண்டு மூன்று இடம் ஏற்கெனவே இருந்தது. பொடுகு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சுருண்டு படுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. வெந்நீர் கொட்டியதுபோலத் தோல் சிவந்தது. விடிந்து பார்த்தால் சிவப்பின் மேல் ரவை தூவியதுபோலச் சின்னச் சின்னச் சீழ்ப்பொட்டு, முதுகிலும் தொடையிலும் கையிலும்.

ஈஸ்வரி இரண்டு கையையும் கூப்பினாள். நான் சூடம் கொளுத்தினேன். எங்கள் வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள்! அம்மை போட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படிதான். எங்கள் குளிருக்கு வேப்பமரம் வளராது. பிபிலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்து வாசலில் கட்டினேன். தாளிப்பதை நிறுத்தினோம். தலை வாருவதை நிறுத்தினோம். லயத்தார் இளநீரும் கூழும் வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா விஷயம் கேள்விப்பட்டுப் பையோடு வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்தி, "ஆத்தா இருக்கிற வீடுங்க ஐயா. ஊசி மருந்து வேணாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான்தான். அதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது.

ஒற்றைப்பட நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர். தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து விழுந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தேன்.

மறுநாளே மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் சிவப்பு, மறுபடியும் ரவை. கைப்பையை மறந்து வைத்துவிட்டுப் போனவள் எடுக்கத் திரும்பி வந்ததுபோல!

மறுபடி வேப்பிலை. மறுபடி தண்ணீர். மறுபடி பொங்கல். அதற்கு மறுநாள் மூன்றாம் தடவையாக வந்தது. இந்தத் தடவை உடம்பு கொதிக்கும்போதே பிள்ளையின் பாதம் ஐஸாக இருந்தது. பல் கிட்டி நடுங்கினாள். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று என் உயிர் என்னிடம் இல்லை.

பூசாரி கேட்ட கேள்வி

எங்கள் தோட்டத்துக் கோயில் பூசாரி ராமையா அண்ணன் தட்டோடு வந்தார். விபூதி போடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஏன்டா, இந்த லயத்துல வேற யாருக்காச்சும் போட்டிருக்கா?"

"இல்லண்ணே."

"பக்கத்துல படுக்கிற ஒனக்கு?"

"இல்லண்ணே."

"பள்ளிக்கூடத்துல?"

"யாருக்கும் இல்லண்ணே."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "ஆத்தா வந்தா பன்னெண்டு காம்பராவுக்கும் ஒரு சுத்துப் போயிட்டுத்தான்டா போவா. ஒன்னோட காம்பராவுல மட்டும் குந்திக்கிட்டு இருக்க, நீ என்னா வாடகைக்கா விட்டிருக்க? இது ஆத்தா இல்ல. நோவு. தூக்குடா பிள்ளைய!"

"ஆத்தா கோவிச்சுக்குவாளேண்ணே..."

"அவகூடத் தெனம் பேசுறவன் நானா, நீயா? அத நான் பாத்துக்கிறேன். நீ டிஸ்பென்சர் ஐயா கால்ல போய் விழு."

விழ வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் திருப்பி அனுப்பிய அந்த மனிதர் அதற்குள் த்ரீவீலுக்குச் சொல்லிவிட்டு, கடிதமும் எழுதி வைத்திருந்தார். கரடுமுரடான பாதையில் பசறைக்கு இறங்கி, பதுளைக்குப் போய்ச் சேரும்வரை பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. கும்பிட வேண்டியவர்கள் எல்லாம் கோயிலில்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்த காலம் அன்றோடு முடிந்தது.

லயமே உடுத்திய சேலைகள்

"இது சொரியாசிஸ்" என்றார் டொக்டர். "பெரியவங்களுக்கு வர்ற சாதாரண வகை இல்ல. இப்பிடிச் சீழ்ப்பொட்டா வர்றது பிள்ளைகளுக்கு ரொம்ப அபூர்வம். பாத்தா அம்மை மாதிரிதான் இருக்கும். அந்தச் சீழுல கிருமி இல்ல. யாருக்கும் ஒட்டாது. நீங்க செஞ்ச பாவமும் இல்ல."

கடைசி வார்த்தையை நான் கேட்காமலே சொன்னார். என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

"வெளிநாட்டுல இதுக்குப் புதுப்புது ஊசியெல்லாம் வந்திருக்கு. நம்ம கையில சேலைன் இருக்கு, வாசலின் இருக்கு, ஈரத்துணி இருக்கு, ஒரு மாத்திரை இருக்கு. அப்புறம் உங்க ரெண்டு பேரோட கையும் இருக்கு. இத வச்சுச் செய்வோம் அண்ணன்."

தோல் இப்படி எரியும்போது உடம்பின் சூடும் தண்ணீரும் அதன் வழியாகவே வெளியேறிவிடுமாம். அதனால் வாசலின் பூசி, அதன் மேல் மெல்லிய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சுற்றி, அதன் மேல் உலர்ந்த துணி சுற்ற வேண்டும். நாளைக்கு மூன்று நான்கு தடவை. பழைய பருத்தித் துணியாக இருந்தால்தான் உரசாது. அதற்கு எங்கே போவது?

ஈஸ்வரி லயத்துக்குப் போன் போட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு உரப்பை நிறையச் சேலை வந்து இறங்கியது! எல்லாம் கொதிக்க வைத்து உலர்த்தியவை. காய்ச்சலுக்கு நடுவிலும் கவிஷா ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். "இது மாரியக்கா தீவாளிச் சேல. இது செல்லம்மா மாமி திருவிழாச் சேல. ஐயே, இது ராமையா பெரியப்பா வேட்டி!" மயில் போட்ட ரோஸ் சேலையைச் சுற்றியபோது சிங்கள நர்ஸ் மிஸ் ஒருவர் தள்ளி நின்று பார்த்து, "ஹரி லஸ்ஸனய்" என்றார். ரொம்ப அழகு என்று அர்த்தம். அன்று முதல் பிள்ளை அந்தச் சேலைக்கே அடம்பிடித்தாள்.

வாசலின் பூசிய பிள்ளையைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? விரால் மீன் தோற்றது. பிடித்தால் வழுக்கும், இழுத்தால் நழுவும். ஒரு தடவை என் பிடியிலிருந்து சர்ரென்று வழுக்கிப் படுக்கையிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போனேன். அவள், "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்றாள். மிஸ் வந்து மூன்று பேரையும் அதட்டினார்.

கிழமை முடிவானது

அப்படி இருக்கும்போது வந்ததுதான் அந்தக் கிழமைச் சண்டை. டொக்டர் எட்டாவது கிழமை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது சேலைச் சுருளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"செவ்வாய்க்கிழம."

எல்லோரும் திரும்பினோம்.

"ஏன்டா செல்லம் செவ்வாய்க்கிழமை?" என்றார் டொக்டர்.

"ஞாயித்துக்கிழம கறி. வெள்ளிக்கிழம சக்கரப் பொங்கல். செவ்வாய்க்கிழம வெறும் மரக்கறி, வேற ஒண்ணுமே நல்லதா இல்ல. மருந்த அதுல போடுங்க."

ஈஸ்வரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "செவ்வா! ஆத்தாவோட நாளு! எனக்கு ஏன் இது தோணல்ல?"

டொக்டர் மாத்திரைப் பையில் பெரிய எழுத்தில் 'செவ்வாய் மட்டும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். என் வாட்டம் தெரிந்ததோ என்னவோ, சத்து மாத்திரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்கு எழுதித் தந்தார். ஆக, நானும் தோற்கவில்லை.

சாமித்தட்டுப் பூட்டு

பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பினோம். அங்கே வீட்டுக்கு வீடு கதவு திறந்துதான் இருக்கும். நாங்கள் வேலைக்குப் போனால் பக்கத்து காம்பராக்காரர்கள்தான் பிள்ளையைப் பார்ப்பார்கள். அன்பின் மிகுதியில் யாராவது ஒருவர், "ஐயோ, இன்னைக்கு மருந்து குடுக்க மறந்துட்டாங்களே" என்று இன்னொன்றைக் கொடுத்துவிட்டால்? இந்த எண்ணம் வந்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஈஸ்வரி யோசித்தாள். மாத்திரைப் பையைக் கொண்டுபோய்ச் சுவரிலிருக்கும் சாமித்தட்டில், ஆத்தா படத்துக்குப் பின்னால் வைத்து, முன்னால் ஒரு பூவையும் வைத்தாள். குளிக்காமல் அந்தத் தட்டில் கை வைக்க எங்கள் லயத்தில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. செவ்வாய்க்கிழமை விளக்கு வைத்து, சாப்பாடு கொடுத்து, பிறகுதான் பை வெளியே வரும். மற்ற ஆறு நாளும் அதற்குக் காவல் ஆத்தாதான்.

மாதாமாதம் இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதை டொக்டரிடம் சொன்னேன். அவர் நோயாளர் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, "இந்தப் பூட்டு எல்லா வீட்டுலயும் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன் அண்ணன்" என்றார்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதன்கிழமைகளில் பிள்ளைக்கு வயிற்றைப் புரட்டும். எங்கள் குளிரில் வாசலின் கல்லாக இறுகும், அடுப்போரம் வைத்து இளக்க வேண்டும். அவள் தொட்ட கொப்பித் தாளெல்லாம் கண்ணாடியாகிவிடும். முன்பக்கம் எழுதிய கணக்கைப் பின்பக்கத்திலிருந்து திருத்தலாம்!

ஒரே ஒரு விஷயத்தைத்தான் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் உட்காரும் மர வாங்கில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. ஒட்டாது என்று டொக்டர் கடிதம் தந்தார், டீச்சர் வகுப்பில் வாசித்தார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஆனால் கை கோத்து விளையாடும்போது இவள் பக்கத்தில் நிற்கிறவள் சட்டைக் கையை இழுத்து விரலை மூடிக்கொள்வாளாம். இதைக் கவிஷா எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். ஈஸ்வரி அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

மாதங்கள் போயின. சிவப்பு மங்கிற்று. முதுகு தெளிந்தது. பிறகு வயிறு, பிறகு கால். கடைசியாகக் கை.

புகார்

ஒரு நாள் ஸ்டோரில் வேலையாக நிற்கும்போது டீச்சரிடமிருந்து போன். "உடனே வாங்க. உங்க பிள்ள சண்ட."

தேயிலைத் தூள் படிந்த சட்டையோடு ஓடினேன். கவிஷாவும் சஞ்சனா என்ற ஒரு பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அழிரப்பருக்கு வந்த சண்டையாம்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு கிள்ளிக்கிட்டுதுங்க" என்றார் டீச்சர்.

"கவிஷாவையுமா கிள்ளுனாங்க?"

"ஆமாங்க! பாருங்க கைய!"

பார்த்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு நகத்தடம், பிறைபோல.

"யாரும்மா கிள்ளுனது? நீயா?" என்று சஞ்சனாவிடம் கேட்டேன். அது பயந்து தலையாட்டியது.

"வெறும் கையாலயா?"

"வேற எதாலங்க கிள்ளுவாங்க?" என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்குகிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு. "என்னாங்க, பிள்ளையக் கிள்ளியிருக்கு, நீங்க சிரிக்கிறீங்க!" என்று டீச்சர் கோபித்தார். சஞ்சனாவின் தலையைத் தடவி, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். புகார் சொன்ன டீச்சரே என்னை விநோதமாகப் பார்த்தார்.

வீட்டில் ஈஸ்வரியும் சிரித்தாள். "கிள்ளுனாளா? தொட்டுக் கிள்ளுனாளா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"டொக்டர் சொன்னாங்கள்ல. கீறுன எடம், அடிபட்ட எடம் பாத்து இந்த நோவு மொளைக்கும்னு."

சிரிப்பு நின்றது. ஆமாம், சொல்லியிருந்தார். நோவு உள்ளேதான் அடங்கியிருக்கிறது, போயே போய்விட்டது என்று நினைக்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அன்று முதல் காலையில் எழுந்ததும் எங்களுக்கு அதுதான் வேலை. வாசல் வெளிச்சத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் குனிவோம். முதல் நாள் சிவப்பு. அதில் செதில் வருகிறதா, சீழ்ப்பொட்டு வருகிறதா? நான் ஆத்தா பெயரைச் சொல்லிக்கொண்டே பார்ப்பேன். மறுநாள் நீலம். "இது சாதாரணமாக் கன்னிப்போனதா, அதுவா?" என்பாள் ஈஸ்வரி. எனக்கு எப்படித் தெரியும்? பிறகு கொழுந்து நிறத்தில் ஒரு பச்சை. பிறகு எலுமிச்சை மஞ்சள். "என்னாப்பா தெனம் மோந்து பாக்கிறீங்க?" என்று கவிஷா கையை உதறுவாள்.

ஒரு காலை பார்த்தால் ஒன்றுமில்லை. இந்தக் கையா, அந்தக் கையா என்று இரண்டையும் மாற்றி மாற்றித் தேடினோம். செதில் இல்லை, சிவப்பு இல்லை, அடையாளமே இல்லை. எல்லோர் வீட்டுப் பிள்ளைக்கும் கிள்ளிய இடம் எப்படி ஆறுமோ, அப்படி ஆறியிருந்தது. ஈஸ்வரி அந்த இடத்தில் முத்தம் வைத்தாள். நான் பெரட்டுச் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

கவிஷா மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் பள்ளிக்கூடம் போனாள். பின்னேரம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. தெளிந்த கையை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சஞ்சனாவும் நானும் தெனம் இன்டர்வெலுக்குக் கைய ஒட்டி வச்சு அளந்து பாக்கிறோம்ப்பா. அவளுக்கு இன்னும் பச்சையா இருக்கு. எனக்குத்தான் முதல்ல போச்சு! நான்தான் ஃபர்ஸ்ட்!"